பிளாஸ்டிக் கூண்டும் ஊர்வனவற்றின் உஷ்ணமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகல் வெயில் சுவரையும் தரையையும் அடுப்பாக்கிவிடும் திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் சீமையில், வளர்ப்புப் பிராணிக்கு உஷ்ணமூட்டுவது பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் மலைப்பாம்பையும் இகுவானாவையும் வீட்டில் வளர்க்கும் மோகம் பெருநகரங்களைத் தாண்டிப் பரவிவரும் இந்நாளில், குளிர்தேசத்து மக்கள் தங்கள் பனிக்காலத்துக்கென்று வகுத்துக்கொண்ட ஹீட்டர் ஏற்பாடுகளை நம்மவர் அப்படியே கைக்கொள்வதால் விளையும் அபாயம் அற்பமானதன்று.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கனும் பத்மனும் என்ற நாகராஜர்கள் வழிபட்டதாகப் புராணம் கூறும் சங்கரன்கோவிலின் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெறும் நமக்குப் பாம்பு அந்நியமன்று; எனினும் நல்ல பாம்பு, சாரை, உடும்பு, நட்சத்திர ஆமை ஆகியவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதல் அட்டவணையில் இருப்பதால், அவற்றை வீட்டில் வைத்திருப்பது மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பால் பைத்தான் என்னும் மலைப்பாம்பு, பச்சை இகுவானா போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பரிவேஷ் இணையதளத்தின் வாயிலாக அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். இதனை வெறும் காகித வேலையென்று எண்ணலாகாது. பதிவு செய்யாதவர், தம் பிராணி வெந்து துடிக்கும் வேளையிலும் மருத்துவரிடம் கொண்டுசெல்ல அஞ்சுவார், அந்த அச்சத்தின் விலையை அந்த வாயில்லா ஜீவனே கொடுக்கிறது.

ஊர்வன தம் உடலுக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் சக்தி பெரும்பாலும் அற்றவை. வெப்பமான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறி நகர்ந்தே அவை உடலைச் சமன் செய்கின்றன. பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும், மறுமுனை 25 முதல் 27 வரையும் இருத்தல் நலம். சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் இந்த வித்தியாசம் விரைவில் மறைந்து, தப்பியோட இடமின்றிப் பிராணி தவித்துவிடும். அறையே 35 டிகிரியைத் தாண்டும் கோடையில் ஹீட்டரை அணைத்துவிடுவதோடு, காற்றோட்டத்துக்கும் நீருக்கும் வழிசெய்வது அவசியம். தெர்மோஸ்டாட் என்னும் கருவி உஷ்ணத்தை நிறுத்துமேயன்றிக் குளிர்விக்காது. நம் ஊரில் ஹீட்டருக்கு வேலை வருவது மார்கழி, தை மாதத்து இரவுகளில்தான்.

அப்போதும் எச்சரிக்கை வேண்டும். பி.வி.சி. ஏறத்தாழ 80 டிகிரியிலும், அக்ரிலிக் ஏறத்தாழ 100 டிகிரியிலும் இளகத் தொடங்குகின்றன. பீங்கான் ஹீட்டரின் மேற்பரப்போ 200 டிகிரியைக் கடக்கக்கூடும். ஆகவே அதனையோ பல்பையோ பிளாஸ்டிக் மூடியை ஒட்டித் தொங்கவிடுவது தீயை அழைப்பதாகும், பி.வி.சி. எரிந்தால் எழும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, மனிதர் சுவாசத்துக்கும் கேடு. கம்பிவலை மூடி, பீங்கான் ஹோல்டர், பிராணி தொடாதபடி காப்புவலை ஆகியவை இன்றியமையாதவை. ஹீட் மேட் என்னும் சூடேற்றும் விரிப்பைக் கூண்டுக்குள் மண்ணுக்கடியில் புதைக்காமல், வெளியே அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் பொருத்தி, கீழே காற்றுப் புக இடைவெளி விட வேண்டும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை மேட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே அசையாமல் இருத்தல் வேண்டும். அது நழுவி வெளியே விழுந்தால், குளிர்ந்த காற்றை அளந்து கருவி மேட்டை ஓயாமல் சுடவைக்கும். வேறொரு தெர்மாமீட்டரால் அன்றாடம் சரிபார்ப்பதே என் உறுதியான பரிந்துரை. ஏனெனில் ஊர்வன, வயிறு வெந்துபோகும் அளவுக்குச் சுட்டாலும் பல நேரம் விலகாமல் அங்கேயே கிடக்கும். ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பான் மின்னதிர்ச்சியைத் தடுக்குமேயன்றி மிகைச் சூட்டைத் தடுக்காது என்பதையும் நினைவிற்கொள்க.

புண்பட்ட பிராணிக்கு எண்ணெயோ மஞ்சளோ பூசாமல், குளிர்ந்த சாதாரண நீரில் இதமாக நனைத்துக் கால்நடை மருத்துவரை நாடுக. தீப்பற்றினால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து 101ஐ அழையுங்கள். மின்சாரம் நிற்குமுன் நீரூற்ற வேண்டாம். கருவியின் குறைபாட்டால் நேர்ந்த நஷ்டத்துக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளரையும், உரிய சந்தர்ப்பங்களில் விற்றவரையும் பொறுப்பாளியாக்குகிறது. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிடில், சம்பவம் நிகழ்ந்த இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக்குக் கட்டணமில்லை. ரசீதையும், உருகிய கூண்டையும், கருகிய ஒயரையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.