மண்ணின் புண்ணுக்கு மண்ணே மருந்து

ஈமத்தாழி வனையும் குயவரை முன்னிலைப்படுத்தும் பாடல்கள் இரண்டு புறநானூற்றில் (228, 256) உள்ளன. மண் வனைவோரைப் புலவர் மதித்து விளித்த மரபு நம்முடையது. அம்மரபினரின் அறிவை எனக்கு உணர்த்தியது ஒரு சிறு விரிசல்.

ஒரகடத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர், துறைக் கண்காட்சிக்காகச் சுடாத களிமண் குதிரை ஒன்றைச் செய்து வந்தார். அதன் கழுத்தில் விரிசல் கண்டிருந்தது. நான் அவசரப்பட்டுச் சிமெண்டு பூசினேன். மூன்றாம் நாள் பூச்சு தனியே கழன்றது. விரிசலோ முன்னிலும் அகன்றது. அதனைக் கண்ட மாணவரின் பாட்டனார், “ஐயா, இதுக்கு வேற எதுவும் ஒட்டாதுங்க, இதே மண்ணைத்தான் வைக்கணும்” என்றார். வேட்கோவர் குடியில் பிறந்த அம்முதியவரின் சொல்லில் அறிவியல் உண்மை அடங்கியிருந்தது.

விரிசல் ஏன் தோன்றுகிறது? ஈரக் களிமண் உலரும்போது பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை சுருங்கும். மெல்லிய பகுதி விரைந்தும் தடித்த பகுதி தாமதித்தும் உலர்வதால், இரண்டும் கூடுமிடம் வெடிக்கிறது. உள்ளே கம்பியோ குச்சியோ இருப்பின், அது சுருங்காது. அதனைப் பற்றிய மண் பிளக்கும். சிமெண்டோ மண்ணோடு சேர்ந்து சுருங்குவதுமில்லை, விரிவதுமில்லை. எனவேதான் அது கழன்றது.

சுடாத உருவத்திற்கான மருந்து இல்லத்திலேயே உள்ளது. உருவம் செய்த அதே மண்ணை உலர்த்திப் பொடித்துச் சலித்து, சிறிது காடி (வினிகர்) விட்டுக் குழைக்க வேண்டும். காடியின் மென்மையான புளிப்பு, மண் துகள்களை ஒன்றையொன்று பற்றச் செய்யும். ஊறவைத்து மசித்த காகிதக் கூழைச் சிறிதளவு சேர்த்தால், அதன் நார்கள் ஒட்டினைத் தாங்கும், சுருக்கமும் குறையும். விரிசலைக் கத்திமுனையால் சற்றே அகழ்ந்து, காடி தடவி ஈரமாக்கி, குழம்பை ஆழத்திலிருந்து அழுத்தி நிரப்ப வேண்டும். பின்னர் ஈரத்துணி போர்த்தி, நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். அவசரமே இதற்குப் பகை. மீண்டும் மெல்லிய கீற்றுத் தோன்றினால், மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

கொல்கத்தாவின் குமார்துலியில் சுடாத மண் சிலை வடிப்போர், மண்குழம்பில் தோய்த்த துணிக்கீற்றுகளை ஒட்டி வெடிப்புகளை மூடுகின்றனர். நாரும் மண்ணும் கூடிய அதே நெறிதான் அங்கும்.

சுட்ட உருவத்தின் நிலை வேறு. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசைக் கடந்து சுடப்பட்ட மண், நீரில் ஊறினாலும் மீண்டும் களிமண் ஆகாது. பச்சை மண் அதனோடு ஒன்றாது. வீட்டினுள் வைக்கும் பொம்மைக்குப் புளியங்கொட்டைப் பசையில் செங்கற்பொடி குழைத்து அடைக்கலாம். மழையில் நிற்கும் ஊர்ப்புறத்துச் சுடுமண் குதிரைக்கு அது போதாது; செங்கற்பொடி கலந்த சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. சிமெண்டு ஈரத்தை உள்ளேயே தேக்கிச் சுடுமண்ணை உதிரச் செய்யும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதி ஆலைகளால் நிறைந்தது. வேட்கோவர் இல்லத்துப் பிள்ளைகளும் ஆலைப் பணிக்குச் செல்கின்றனர். அது குற்றமன்று, வாழ்வின் தேவை. ஆயினும், எந்த ஏரி மண்ணில் எவ்வளவு மணலும் உமியும் சேர்க்க வேண்டும் என்னும் அறிவு எந்த நூலிலும் முழுமையாக இல்லை. முதியோர் விரல்களில் இருக்கிறது. அவர்களோடு அதுவும் மறைந்தால், அவ்விரிசலை அடைக்க எந்த மண்ணைத் தேடுவோம்?

மாணவச் செல்வங்களே, விடுமுறையில் உங்கள் ஊர் முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி வாருங்கள். அந்தக் குதிரை இன்று நம் துறை அலமாரியில் நிற்கிறது. கழுத்தில் தழும்பு உண்டு, விரிசல் இல்லை.