அரைத்தது யார்?

மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோய், பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. தூளான பிறகு அதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

புரோகிராமர்கள் எழுதுவது மூல நிரல், மனிதரால் படிக்கக்கூடியது. கம்பைலர் அதை அரைத்து, கணினி இயக்கக்கூடிய பைனரிக் கோப்பாக்குகிறது. நாம் டவுன்லோடு செய்வது பெரும்பாலும் இந்தத் தூளைத்தான். மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் கொடுத்தால் அது திறந்த மூல மென்பொருள்.

2008 செப்டம்பரில் குரோம் உலாவியை வெளியிட்ட கூகுள், குரோமியம் என்ற பெயரில் அதன் மூல நிரலையும் திறந்துவைத்தது. இன்றைய மைக்ரோசாஃப்ட் எட்ஜ், ஓப்பரா, பிரேவ் ஆகியவை அதன்மேல் எழுந்தவையே. ஆனால் குரோமியம் வேறு, குரோம் வேறு. குரோமியத்தோடு தன் சொந்தப் பகுதிகள் சிலவற்றைச் சேர்த்து, வேறொரு உரிமத்தில் கூகுள் தருவதுதான் குரோம்.

அப்படியானால் குரோமியத்தை மட்டும் பயன்படுத்தினால் போதுமா? 2015இல் டெபியன் லினக்ஸ் பயனர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். குரோமியம் 43, பயனரைக் கேட்காமலே ஒரு பைனரிக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. ‘ஓகே கூகுள்’ என்று சொன்னால் அடையாளம் காணும் பகுதி அது. அதற்கு மட்டும் மூல நிரல் வெளியிடப்படவில்லை. பயனர் அந்த வசதியை இயக்கினால்தான் மைக் வேலை செய்யும் என்று கூகுள் விளக்கியது. அது உண்மையாகவே இருந்தாலும், நிரலைப் படித்துச் சரிபார்க்க வழியில்லாமல் போனதுதான் பிரச்சினை. எதிர்ப்பு வலுத்ததும், அதே ஆண்டு ஜூன் மாதம் குரோமியத்திலிருந்து அந்தப் பகுதியை கூகுள் நீக்கியது.

மூல நிரல் திறந்திருந்தாலும், நம் கைக்கு வரும் பைனரி அதிலிருந்தே அரைக்கப்பட்டதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதற்குத் தீர்வாக ஓர் அருமையான உழைப்பு நடந்துவருகிறது. ஒரே மூல நிரலை, ஒரே கருவிகளைக் கொண்டு யார் கம்பைல் செய்தாலும், ஒரு பிட்கூட மாறாமல் அதே பைனரி வரவேண்டும். வந்துவிட்டால், நிறுவனம் தந்த கோப்பையும் நாமே உருவாக்கியதையும் ஒப்பிட்டு, கலப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். டெபியன் 2013 முதல் இதற்காகப் பாடுபடுகிறது. டோர் உலாவியும் இந்த முறையைப் பின்பற்றுகிறது.

இருந்தாலும் நம் தகவல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தபின் அங்கே என்ன ஆகிறது என்பதை இந்தச் சோதனை காட்டாது. அதனால், எது வெளியே போகிறது என்பதை வாசலிலேயே பார்க்க வேண்டும். உலாவியின் அமைப்புகளில், பயன்பாட்டு விவரங்களை அனுப்பும் வசதி இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள், தேவையில்லையென்றால் நிறுத்துங்கள்.

திறந்த மூலம் என்பது நமக்குக் கிடைத்த சோதிக்கும் உரிமை. யாராவது சோதிக்கும்போதுதான் அது பாதுகாப்பாகிறது.