காற்றுக்கு எடை தெரியாது

காரின் எடையைக் குறைத்தால் அது வேகமாகப் பாயும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அது உண்மைதான். ஆனால் எந்த வேகம் வரைக்கும் அது உண்மை? இந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல இயற்பியல் பாடம் இருக்கிறது. தேநீர் ஆறுவதற்குள் ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துவிடலாம்.

அந்தக் கார் லோட்டஸ் செவன். இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் இந்த வகையைக் கிட் கார் என்பார்கள். முழுக் காராக வாங்கினால் அந்த நாட்டில் அன்று கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களுக்கு அந்த வரி இல்லை. 1973-இல் இதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. ஏறத்தாழ அதே வடிவத்தில் இன்றும் தயாராகிறது. இரும்புக் குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, இரண்டு இருக்கைகள், அவ்வளவுதான். எடை 500 கிலோவை ஒட்டியே இருக்கும். ஒரு செடான் காரில் ஏறத்தாழ பாதி.

முதலில் கார் கிளம்புகிற கணத்தை எடுத்துக்கொள்வோம். விசையை எடையால் வகுத்தால் முடுக்கம், அதாவது ஒவ்வொரு விநாடியும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பது கிடைக்கும். எடை பாதியானால் முடுக்கம் இருமடங்கு. அதனால்தான் 310 குதிரைத்திறன் கொண்ட கேட்டர்ஹாம் செவன் 620ஆர் 3 விநாடிக்குள் மணிக்கு 96 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது. இதுவரை காற்று நம் கணக்கில் வரவில்லை.

இனி வரும். ஒரு கார் காற்றில் எவ்வளவு இடிபடும் என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு. மற்றது, அந்த வடிவத்தைச் சுற்றிக் காற்று எவ்வளவு சுலபமாக வழுக்கிப் போகிறது என்பதைச் சொல்லும் தடை எண். இன்றைய செடானுக்கு இது 0.3 அளவில் இருக்கும். செவனுக்கு 0.7-ஐ ஒட்டி. வெளியே துருத்தி நிற்கும் முன்சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கம்பிகள், தனியாக நிற்கும் விளக்குகள், செங்குத்தான முன்கண்ணாடி, திறந்த இருக்கைப் பகுதி எல்லாமே காற்றைக் கலைத்துச் சுழல வைக்கின்றன. செவனின் முன்பரப்பு சிறியதுதான். ஆனாலும் இரண்டையும் பெருக்கினால் செவனுக்குச் சுமார் 1 சதுர மீட்டர் வரும், செடானுக்கு 0.65. சின்னக் கார்தான் காற்றில் கூடுதலாக இடிபடுகிறது.

வேகம் இருமடங்கானால் ஒரு விநாடியில் எதிர்ப்படும் காற்று இருமடங்கு. அந்தக் காற்றை ஒதுக்கித் தள்ள வேண்டிய வேகமும் இருமடங்கு. எனவே தடை நான்கு மடங்காகிறது. செவனுக்கு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுமார் 115 நியூட்டன் என்றால், 100-இல் 460 நியூட்டன்.

பலரும் தடுமாறும் இடம் இதற்கு அடுத்துதான். 'கார் லேசாக இருக்கிறது, ஆகவே காற்றை லேசாகக் கிழித்துக்கொண்டு போகும்' என்று மனம் சொல்கிறது. உண்மை நேர்மாறானது. ஒரே அளவுள்ள கிரிக்கெட் பந்தையும் பிளாஸ்டிக் பந்தையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். இரண்டின் மேலும் காற்று ஏறத்தாழ ஒரே அளவுதான் மோதுகிறது. ஆனால் பிளாஸ்டிக் பந்துதான் சீக்கிரம் ஓய்ந்து விழுகிறது. காரிலும் இதே கதைதான். 100 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காற்று மட்டுமே செவனைச் செடானைவிட மூன்று மடங்கு விரைவாக மந்தப்படுத்தும். பாய்வதற்கு உதவிய அதே லேசுத்தன்மை, காற்று தள்ளும்போது அதற்கு எளிதில் இணங்கியும் போகிறது.

இப்போது 120 குதிரைத்திறன் கொண்ட ஒரு செவனை ஓட்டுவோம். பற்சக்கரங்களில் வீணாவது போக, சக்கரத்துக்கு 75 கிலோவாட் வருவதாகக் கொள்வோம். வேகம் ஏற ஏற, அதே திறனிலிருந்து கிடைக்கும் தள்ளுவிசை குறையும். 100 கி.மீ. வேகத்தில் அது 2,700 நியூட்டன். காற்று தின்பது 460. 150-இல் தள்ளுவிசை 1,800, காற்றுக்கே 1,040. 180-இல் இரண்டும் 1,500. அதற்கு மேல் வேகம் கூட ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த வரவு செலவில் காரின் எடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடை, உச்ச வேகத்தை எத்தனை நேரத்தில் எட்டுவோம் என்பதைச் சொல்லும். உச்ச வேகம் எவ்வளவு என்பதைச் சொல்வது திறனும் வடிவமும்தான்.

அப்படியானால் எஞ்சினைப் பெரிதாக்கினால் போதாதா? தடை வேகத்தின் இருபடியில் ஏறுகிறது. அதை வெல்லும் திறனோ முப்படியில் ஏறுகிறது. திறனை இருமடங்காக்கினாலும் உச்ச வேகம் கால்பங்குதான் கூடும். 310 குதிரைத்திறன் கொண்ட அந்த 620ஆர்-கூட மணிக்கு 250 கி.மீ. அளவில் நின்றுவிடுகிறது.

வடிவம் என்ன செய்யும் என்பதற்கு லோட்டஸிலேயே சான்று உண்டு. விமானப் பொறியாளர் பிராங்க் காஸ்டின் உடலமைத்த லோட்டஸ் இலெவன், 1956-இல் இருக்கைக்கு மேல் கண்ணாடிக் குமிழ் மூடி, இத்தாலியின் மோன்ஸா ஓடுதளத்தில் மணிக்கு 230 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்று ஓடியது. எஞ்சின் 1,100 சிசிதான். 40 குதிரைத்திறன் கொண்ட முதல் செவன்களோ 130-ஐத் தொட்டதும் திணறின. இலெவனின் திறன் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அது மட்டும் என்றால் 165 வரைதான் போயிருக்கும். மிச்சத்தைக் கொடுத்தது வடிவம்.

ஆகவே கிட் கார் பூட்ட நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தச் சாலையில் ஓட்டப்போகிறோம் என்பதை. வளைவுகள் நிறைந்த சாலையில் வேகம் 100-க்குள் நிற்கும். அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் பாய்ச்சலிலும் பிரேக்கிலும் திருப்பத்திலும் பலன் தரும். நீண்ட நேர் ஓடுதளம் என்றால், பெரிய எஞ்சினுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் அந்தச் செங்குத்தான முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிறிய காற்றுத்தடுப்பைப் பொருத்திப் பார்க்கலாம். குதிரைத்திறனை எடையால் வகுத்துச் சொல்லும் விளம்பர எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதிக்கு, தடை எண்ணையும் முன்பரப்பையும் கேட்டு வாங்குங்கள்.