வேடந்தாங்கல்: கரையில் நடப்பதற்கு முன்

படகுத்துறையைத் தேட வேண்டாம். இங்கே அது கிடையாது. எதிரே தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் கூடுகள். ஆள் நெருங்கினால் பறவை எழுந்துவிடும்; முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் படும். ஆகவே உங்களுக்குக் கரையும் காட்சிக் கோபுரமும் மட்டுமே.

இது மழையை நம்பிய பாசன ஏரி, ஏறக்குறைய 30 ஹெக்டேர். பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்பது ஊராரின் அனுபவம். அதனால்தான் துப்பாக்கியோடு வந்தவர்களை எதிர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமையும் பெற்றார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. தீபாவளிக்கும் இங்கே வெடிச் சத்தம் கேட்காது. 2022இல் கிடைத்த, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெருமைதான். ஆனால் இந்த ஏரியைக் காப்பாற்றி வந்தது ஊர்க் கட்டுப்பாடு.

கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன் ஆகியவை இங்கே கூடு கட்டும். ஊசிவால் வாத்து போன்றவை வடக்கிலிருந்து வந்து தங்கிப் போகும். நவம்பர் முதல் மார்ச் வரை, விடிகாலையிலோ இரை தேடப் போனவை திரும்பும் மாலையிலோ வருவது நல்லது. பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், ஒலிபெருக்கி வேண்டாம். மழை பொய்த்த ஆண்டில் ஏரி நிறையாது, பறவைகளும் குறையும்; விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நேரம் மிச்சமிருந்தால் அருகிலுள்ள கரிக்கிளி ஏரியையும் பார்க்கலாம். அங்கே கூட்டமும் குறைவு.