பேய் பிடித்தவள் சொன்னது என்ன?

ஊரில் யாருக்காவது பேய் பிடித்தால், எங்களை மாதிரி இன்ஜினியரிங் படித்தவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். மானுடவியலாளர் இசபெல் கிளார்க் டெசே நகரவில்லை. 1990களின் தொடக்கத்தில் செஞ்சி வட்டாரத்தில் தங்கி, கோடாங்கிகளிடமும் பம்பைக்காரர்களிடமும் உட்கார்ந்து கேட்டார். இசபெல் நபகோவ் என்ற பெயரில் 2000ல் புத்தகமாகவும் எழுதினார். பின்னாளில் பிரின்ஸ்டன் பேராசிரியர்.

பேய் பிடித்ததாக அழைத்து வரப்படுகிறவர்களில் பலர் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிடித்த பேயோ, பெரும்பாலும் காதல் தோல்வியில் உயிரை விட்ட ஒரு வாலிபன். பம்பை அடித்து, ஆட வைத்து, 'நீ யாரு, எந்த ஊரு, எங்க புடிச்ச?' என்று கேட்பார்கள். பெயர் வரும்வரை விடமாட்டார்கள். கடைசியில் ஒரு கற்றை முடியை புளியமரத்தில் ஆணி வைத்து அடித்துவிட்டு, பெண்ணைப் புருஷனோடு அனுப்பிவிடுவார்கள்.

'மனசுல இருக்கறத கொட்டித் தீர்க்க ஒரு வழி' என்றுதான் நாம் சமாதானம் சொல்வோம். இசபெல் அதை ஏற்கவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே தயாராக இருக்கும் கதையை அவள் வாயால் சொல்ல வைக்கிறார்கள் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா?

நான் இருக்கும் மவுண்ட் வெல்லிங்டன் மவோரிகளுக்கு மவுங்காரேய். அவர்களுடைய தொஹுங்காக்களை, அதாவது பூசாரி-வைத்தியர்களை, நியூசிலாந்து அரசு 1907ல் சட்டம் போட்டே ஒடுக்கியது. அந்தச் சட்டம் நீங்க 1962 ஆனது. நாம் சட்டமெல்லாம் போடவில்லை, சிரித்தோம், அவ்வளவுதான்.

ஒப்பாரி பற்றியும், மாமன் மகள் கல்யாணம் பற்றியும்கூட எழுதிய இசபெல், 2017ல் இந்தியாவில் இருந்தபோது இறந்துபோனார்.