எழுதியவரே விலை போட்டால்... – 7: சின்னமனூர்க்காரர் சுமந்த மூட்டை

புத்தகக் கடைக்குத் தரும் கழிவு 40 சதவீதம் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் இலவசப் பகிர்வு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா குறுக்கே வந்துவிட்டார்.

அவரை வத்தலக்குண்டுக்காரர் என்றுதான் பலரும் சொல்வார்கள். வளர்ந்தது அங்கேதான். ஆனால் 1912இல் பிறந்தது சின்னமனூரில். பெயருக்கு முன்னால் நிற்கும் 'சி'யும் அந்த ஊர்தான். தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்தில் போகும்போது எத்தனை முறை அதைக் கடந்திருப்போம்! பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த ஊர். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் சொல்லும் செப்பேடுகள் அவை. தானே எழுதி, தானே அச்சிட்டு, தானே விற்ற மனிதரும் அதே ஊர்ப் பிள்ளை என்ற சந்தோஷம் வாரம் முழுக்க என்னை விடவில்லை.

1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கும்போதே அவர் போட்ட நிபந்தனையைப் பாருங்கள். 2,000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைக்குக் கொடுப்பதில்லை, சந்தா கட்டியவருக்கு மட்டும். போடி ஏல மையத்தில் ஏலக்காய்க்கு விலை கேட்பவர் வாங்குகிறவர். விளைவித்தவர் காத்திருக்க வேண்டும். விலை சொல்லும் இடத்தைச் செல்லப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்திரிகையோடு 'எழுத்து பிரசுரம்' வந்தது. 'வாடிவாசல்' நாவல் வந்தது. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு 'புதுக்குரல்கள்' வந்தது. புதுக்கவிதையைக் கேலி செய்த காலம் அது. எந்தக் கடைக்காரர் அடுக்கி வைப்பார்? செல்லப்பா மூட்டை கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். புத்தகத்தின் விலை குறைவாக இருந்தது என்றால், கடைக்கழிவை அவர் கால்கள் கொடுத்தன. நம் விலைக் கணக்கில் எவரும் எழுதாத வரி அது. 150 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்குப் போகும் 60 ரூபாயைப் பற்றிப் புலம்புகிறோம். அந்த 60 ரூபாயை மிச்சம் பிடிக்க யார் நடப்பது என்று கேட்டுக்கொள்வதில்லை. நடக்காமல் தபாலில் அனுப்பலாம் என்றால், பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். உத்தமபாளையத்திலிருந்து ஒரு பிரதி அனுப்புகிறவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமாகிவிட்டது.

நேர் எதிர்க் கணக்குப் போட்டவர் பாரதி. 1920இல் கடையத்திலிருந்து எழுதிய சுற்றறிக்கையில் 40 புத்தகம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, சராசரி விலை அரை ரூபாய் என்று திட்டமிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். கடனாகக் கேட்ட பணம் வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டு அவரே இல்லை. நான்கு லட்சம் எங்கே, இரண்டாயிரம் எங்கே! ஆனாலும் எனக்கு இருவரும் ஒரே கட்சிதான். புத்தகம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தார்கள்; விலை அதற்குப் பின்னால் வந்தது.

செல்லப்பா கடைசிவரை மாறவில்லை. 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல் மூன்று பாகங்களாக அவரே வெளியிட்டார். அப்போது வயது 85. அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல்.

இலவசப் பகிர்வு அடுத்த வாரம். பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கியதிலிருந்து தொடங்குகிறேன்.