வேலை போன பின்னும் தொடரும் மருத்துவ உரிமை

ஆலை வேலை போனால் கூலியோடு மருத்துவ வசதியும் அன்றே போய்விடும் எனத் தொழிலாளர் பலர் எண்ணுகின்றனர். சித்தூர், திருப்பதி வட்டாரத்திலும் இவ்வெண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. இ.எஸ்.ஐ. எனச் சுருக்கமாக வழங்கும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பெற்றது. இத்திட்டத்தில் மருத்துவ உரிமையைத் தீர்மானிப்பது செலுத்தப்பட்ட சந்தாவே ஆகும்.

கணக்கு சற்றே சிக்கலானது, ஆயினும் அறியத்தக்கது. ஆண்டு இரு சந்தாக் காலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவுக்குரிய பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையாகும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரையாகும். ஒரு சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருப்பின், அதற்குரிய பயன் காலம் முடியும் வரை மருத்துவ உரிமை உண்டு. ரேணிகுண்டா ஆலை ஒன்றில் நெடுநாள் பணிபுரிந்தவர் நவம்பர் 10இல் நீக்கப்படுவதாகக் கொள்வோம். அடுத்த ஜூன் 30 வரை அவரும் குடும்பத்தாரும் திருப்பதி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். அவரே ஜனவரி இறுதி வரை பணியில் நீடித்திருந்தால் இவ்வுரிமை டிசம்பர் 31 வரை நீளும். ஏறத்தாழ எண்பது நாள் வேலை ஆறு மாத மருத்துவமாகிறது!

இதனினும் பெரிய பாதுகாப்பு ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் திட்டமாகும். 2005 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவர்க்கு உதவித்தொகையும், அது கிடைக்கும் காலம் முழுவதும் குடும்ப மருத்துவமும் அளிக்கிறது. உச்ச வரம்பு 24 மாதங்கள். தொடக்கத்தில் ஐந்தாண்டுச் சந்தா வேண்டப்பட்டது. பின்னர் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. சித்தூர்க் கூட்டுறவுப் பால் பண்ணை மூடப்பட்ட 2002இல் இத்தகைய ஏற்பாடு எதுவும் இத்திட்டத்தில் இருக்கவில்லை.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. தாமே விலகியவர்க்கும், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்க்கும் இப்பயன் இல்லை. கணக்கை விரைந்து முடிப்பதற்காக ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடும் தொழிலாளி, இரண்டாண்டு மருத்துவத்தையும் அக்கடிதத்தோடு கொடுத்துவிடுகிறார். ஆட்குறைப்பாயின் அவ்வாறே எழுதித் தருமாறு கேட்பது அவரது உரிமை. தொழிலாளர் துறை அலுவலர்கள் இதனை எடுத்துரைப்பது நலம்.

ஐந்தாண்டேனும் காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு ரூ.120 செலுத்தித் தமக்கும் துணைவர்க்கும் மருத்துவத்தைத் தொடரலாம் என்பதும் பலர் அறியாதது.

சித்தூர் மாங்கூழ் ஆலைகளின் பருவத் தொழிலாளர் நிலை வேறு. ஜூன், ஜூலை என்னும் இரு மாதம் மட்டும் உழைப்பவர், காப்பீட்டில் பதிவு பெற்றிருந்தாலும் 78 நாளை எட்ட இயலாது. 2007இல் ஆரோக்யஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய மாநில அரசுத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்குப் பட்டியலிட்ட சிகிச்சைகளின் செலவை ஏற்கிறது. நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய நீரிழிவு மாத்திரைக்கு அத்தொழிலாளர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையே நாட வேண்டியுள்ளது.